நிற்கும் கல்லின் மக்கள்: ஒரு பாடகி, ஒரு சிற்பி

(நமது சங்கத்தின் வாசிப்பு வட்டத்தில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இந்த வட்டத்தில் இதுவரை நமக்கு நன்கு அறிமுகமான எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் பற்றித்தான் பெரும்பாலும் பேசி வந்திருக்கிறோம். இம்முறை உங்களில் பலர் கேள்விப்பட்டிராத இரண்டு பெண்களைப் பற்றிப் பேச விரும்பினேன். ஒருவர் ஜோஆன் ஷெனாண்டோவா, பாடகி. மற்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி டயான் ஷெனாண்டோவா. இவர் சிற்பி, பாடகியும் கூட. இருவரும் அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒருவரான ஒனைடா மக்களைச் சேர்ந்தவர்கள்.

இவர்கள் வாங்கிய விருதுகளைப் பட்டியலிட்டு உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. என் மனத்தில் இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஏறக்குறைய எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு சமூகம், தன் கையில் மிஞ்சியதில் எதை உலகத்தோடு பகிர்ந்துகொள்கிறது? எதைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறது? இந்தச் சகோதரிகளின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீண்ட வீட்டுக்காரர்கள்

நியூயார்க் என்றதும் நமக்கு வானளாவிய கட்டடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அது நகரம். அதே பெயரில் உள்ள மாநிலம் பெரியது. அதன் நடுப்பகுதியில் ஏரிகளும் காடுகளும் சோள வயல்களும் உண்டு. ஒனைடா மக்களின் பூர்வீகம் அந்தப் பகுதிதான்.

அவர்கள் தனித்து வாழ்ந்தவர்கள் அல்லர். மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனெக்கா என்ற ஐந்து இனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் டஸ்கரோரா மக்களும் வந்து சேர, அது ஆறானது. வெள்ளையர்கள் இவர்களை இரொக்வா என்று அழைத்தார்கள். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது ஹோடினோஷோனி என்று. நீண்ட வீட்டின் மக்கள் என்று அதற்குப் பொருள்.

அந்த நீண்ட வீடு எப்படி இருக்கும் தெரியுமா? மரச்சட்டம் கட்டி, எல்ம் மரப்பட்டையால் வேய்ந்திருப்பார்கள். நடுவே நீளமாக ஒரு நடைவழி. அதில் வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்பின் இருபுறமும் ஒவ்வொரு குடும்பம். ஒரே கூரை, பல குடும்பங்கள். அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த வீடு பெண்களுடையது. பாட்டி, அவள் மகள்கள், பேத்திகள் என்று ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்கள் அங்கே இருப்பார்கள். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும்.

குலமும் தாய் வழிதான். ஒனைடாவில் ஓநாய், ஆமை, கரடி என்று மூன்று குலங்கள். தாய் எந்தக் குலமோ பிள்ளைகளும் அந்தக் குலம். குலத்தின் மூத்த பெண்மணியைக் குலத்தாய் என்பார்கள். தலைவராக வரவேண்டிய ஆணைத் தேர்ந்தெடுப்பவள் அவள். தலைவர் சரியில்லை என்றால் எச்சரித்துப் பார்த்து, பதவியை விட்டு இறக்குபவளும் அவளே.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் சகோதரிகளின் தந்தை கிளிஃபர்ட் ஒனன்டாகா இனத்தவர், அங்கே ஒரு தலைவர், ஜாஸ் கிட்டார் வாசிப்பவரும் கூட. ஆனால் பிள்ளைகள் ஒனன்டாகா ஆகவில்லை. தாய் மெய்சி ஒனைடா, ஓநாய்க் குலத்தின் குலத்தாய். அதனால் பிள்ளைகளும் ஒனைடா, ஓநாய்க் குலம். இந்த இருவரின் பாட்டிலும் சிற்பத்திலும் பெண் ஏன் நடுவில் நிற்கிறாள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

சோளம் கொடுத்தார்கள், நிலம் போயிற்று

ஒனைடா மக்கள் தங்கள் மொழியில் தங்களை ஓன்யோத்தஆகா என்பார்கள். நிற்கும் கல்லின் மக்கள் என்று பொருள். மண் சத்து குறைந்து ஊர் இடம் மாறும்போதெல்லாம் அந்தக் கல்லும் யாரும் தூக்காமலே பின்னால் வந்து சேர்ந்ததாக அவர்கள் கதை சொல்வார்கள். 

அமெரிக்கா விடுதலைப் போரில் இறங்கியபோது இந்த ஆறு இனக் கூட்டமைப்பு உடைந்தது. பெரும்பாலோர் பிரிட்டிஷார் பக்கம். ஒனைடாக்களில் பெரும்பகுதியினர் அமெரிக்கர் பக்கம். 1777 ஆகஸ்ட் 6 அன்று ஒரிஸ்கனி என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் கொன்றார்கள். மறு குளிர்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் பட்டினியில் வாடியது. அப்போது ஒனைடாக்கள் பல நூறு கிலோமீட்டர் நடந்து அவர்களுக்குச் சோளம் கொண்டுபோனார்கள்.

அவர்களோடு போலி கூப்பர் என்ற ஒரு பெண்ணும் போனாள் என்று ஒனைடா குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. அது அப்படியே மெல்லக்கூடிய சோளம் இல்லை. பக்குவமாகத் தோல் நீக்கி வேகவைக்காமல் பசியில் அள்ளித் தின்றால் வயிற்றுக்குள் ஊதிவிடும். அவள் அங்கேயே தங்கி, வீரர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தாள். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்தாள். நன்றிக்காக ஒரு சால்வை கொடுத்தார்களாம். அந்தச் சால்வையை அவள் வழிவந்தவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கப் பூர்வகுடிகள் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போனால், போலி கூப்பர், ஸ்கெனன்டோவா என்ற ஒனைடா தலைவர், ஜார்ஜ் வாஷிங்டன் மூவரும் சேர்ந்து நிற்கும் வெண்கலச் சிலையைப் பார்க்கலாம். அந்த ஸ்கெனன்டோவாவின் வழியில் வந்தவர்கள் என்றுதான் நம் சகோதரிகளின் குடும்பம் தங்களைச் சொல்லிக்கொள்கிறது.

போர் முடிந்தது. உதவியவர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் நிலம் அவர்களுக்கே என்று மத்திய அரசு உறுதி கொடுத்தது. 1794இல் கனன்டைகுவா என்ற ஊரில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தப்படி ஆறு இனங்களுக்கும் ஆண்டுதோறும் தரவேண்டிய துணி இன்றுவரை வருகிறது. துணி வருகிறது, நிலம்தான் தங்கவில்லை. மாநில அரசு அந்த ஒப்பந்தத்துக்கு முன்பே 1788இல் பெரும்பகுதியை எழுதி வாங்கியிருந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகும் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் நிலம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறும் 32 ஏக்கராகச் சுருங்கியது. மக்களில் ஒரு பகுதி விஸ்கான்சினுக்கும், ஒரு பகுதி கனடாவின் ஒன்டாரியோவுக்கும் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் அந்த 32 ஏக்கரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1920இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் வாங்கியது செல்லாது, வழக்குத் தொடரலாம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய நிலத்தில் பழைய ஆட்சியுரிமை கோருவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று 2005இல் அதே நீதிமன்றம் சொன்னது.

இருக்கும் நிலத்தை யார் நிர்வகிப்பது என்பதில் பின்னாளில் அவர்களுக்குள்ளேயே பெரிய தகராறு வந்து நீதிமன்றம் வரை போனது. அதில் குலத்தாய் மெய்சியின் பெயரும் உண்டு. உள்ளே போய்த் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. கொஞ்சமாக மிஞ்சிய இடத்தில் சண்டை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது, வாகன நிறுத்தத்துக்காகப் பொதுக்குழுவில் மணிக்கணக்கில் பேசிய நமக்குத் தெரியாததா!

ஜன்னலுக்கு வெளியே விழுந்த மரம்

ஜோஆன் 1957இல் பிறந்தார். சிறு வயதில் அவருக்குச் சூட்டிய ஒனைடா பெயர் டெகலிவாக்வா. அவள் பாடுகிறாள் என்று பொருள். ஆனால் பெயர் வைத்ததால் மட்டும் பாடகி ஆகிவிட முடியுமா? வீட்டில் அப்பாவின் கிட்டார், அம்மாவின் பாட்டு எல்லாம் இருந்தும், படித்து முடித்தபின் அவர் போனது வாஷிங்டன் பகுதிக்கு. கணினித் துறையில் நல்ல வேலை. நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான். பத்தாண்டுகளுக்கும் மேல் அந்த வேலையில் இருந்தார்.

ஒரு நாள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்தார். அவருக்கு அது தன்னையே பார்த்ததுபோல் இருந்தது. வேரை விட்டுவிட்டு நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். பின்னாளில் பல பேட்டிகளில் இதை அவரே சொல்லியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு ஒனைடா நிலத்துக்கே திரும்பினார். 1989இல் முதல் இசைத்தொகுப்பு வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

அவர் என்ன பாடினார் என்பதைப் புரிந்துகொள்ள ஒனைடா மொழியைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். தமிழில் நிரோட்டகம் என்று ஒரு செய்யுள் வகை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்துப் பாடுவது. நமக்கு அது புலவர்கள் செய்து காட்டும் வித்தை. ஒனைடாவில் அன்றாடப் பேச்சே நிரோட்டகம்தான். அந்த மொழியின் சொந்தச் சொற்களில் ப, ம போன்ற ஒலிகளே கிடையாது. இன்னொரு விசேஷமும் உண்டு. பேசி நிறுத்தும் இடத்தில் கடைசிச் சொல்லின் இறுதி அசை குரலாக வராது, வெறும் காற்றாக முணுமுணுத்துவிட்டுப் போகும். ஜோஆனின் பாட்டைக் கேட்டால் வாயை மெல்லத் திறந்தபடியே மூச்சோடு கலந்து வரும் ஓர் ஒலி கேட்கும். அந்த மென்மையில் பாதி அவருடையது, பாதி அந்த மொழியுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

1996இல் அவர் வெளியிட்ட ‘மேட்ரியார்க்’ என்ற தொகுப்பு முழுக்க முழுக்கப் பெண்களின் பாடல்கள். இவை எஸ்கான்யே என்ற பெண்கள் ஆட்டத்துக்கு உரிய வகை. பக்கவாத்தியம் இரண்டுதான். ஒன்று, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மேலே தோல் இழுத்துக் கட்டிய சின்ன மரமுரசு. தண்ணீர் இருப்பதால் அதன் ஒலி ஆழத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். மற்றது மாட்டுக்கொம்பில் செய்த கிலுகிலுப்பை. ஆடும் பெண்கள் காலைத் தூக்கி வைப்பதில்லை. பாதம் தரையை விட்டு எழும்பாமல், பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்து நகர்வார்கள். பூமித்தாய்க்குக் கால் பிடித்துவிடுவதுபோல என்று அவர்கள் சொல்வார்கள்.

அதே பாடல்மரபை எடுத்துக்கொண்டு, பியானோவோடும் புல்லாங்குழலோடும் மேற்கத்திய வாத்தியக் குழுக்களோடும் சேர்த்தும் அவர் பாடினார். பியானோ கலைஞர் பீட்டர் கேட்டருடன் 1995இல் செய்த ‘லைஃப் பிளட்’ அப்படிப்பட்டது. இது கலப்படம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெட்டு அவர்களுடையது, சொல் அவர்களுடையது, பியானோதான் விருந்தாளி.

பாம்பு முடிந்த கூந்தல்

2000ஆம் ஆண்டு வந்த ‘பீஸ்மேக்கர்ஸ் ஜர்னி’ என்ற தொகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு இனக் கூட்டமைப்பு உருவான கதை அதில் இருக்கிறது.

முன்னொரு காலத்தில் அந்த இனங்கள் ஓயாமல் பழிக்குப் பழி வாங்கிக்கொண்டிருந்தன. அப்போது அமைதியைக் கொண்டுவரும் ஒருவர் வந்தார். அவருடைய இயற்பெயரை அவர்கள் எளிதில் உச்சரிப்பதில்லை. அமைதி செய்பவர் என்றே சொல்வார்கள். அவர் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்டது ஒரு பெண். அவருக்குத் துணையாக வந்தவர் ஹியாவாதா. மகள்களைப் பறிகொடுத்துத் துக்கத்தில் காட்டில் அலைந்துகொண்டிருந்தவர். ஒவ்வோர் இனமாக ஒத்துக்கொண்டது. கடைசியில் ஒனன்டாகாவில் ததோதாஹோ என்ற கொடியவன் மட்டும் மிச்சம். உடம்பெல்லாம் கோணல், கூந்தலில் பாம்புகள், மனத்தில் விஷம்.

அவனை எப்படி வென்றார்கள்? யாரும் அம்பு எடுக்கவில்லை. அவன் முன்னால் நின்று பாடினார்கள். பாட்டைக் கேட்டு அவன் மனம் இளகியது. உடம்பைத் தடவி நேராக்கினார்கள். கூந்தலில் இருந்த பாம்புகளைச் சீவி எடுத்தார்கள். அப்புறம் அவனைத் தண்டித்தார்களா? இல்லை. கூட்டமைப்பின் சபைக்கு அவனையே தலைமை தாங்கச் சொன்னார்கள். ததோதாஹோ என்பது இன்றும் அந்தச் சபைத் தலைவரின் பட்டப்பெயர்.

கிராமி விருதுகளில் பூர்வகுடி இசைக்கென்று தனிப்பிரிவு முதன்முறையாக வந்தது 2001இல். அந்த முதல் ஆண்டிலேயே இந்தத் தொகுப்பு பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் விருது வென்ற ‘சேக்ரெட் கிரவுண்ட்’ என்ற கூட்டுத் தொகுப்பில் ஜோஆனின் பாட்டும் உண்டு. அதற்குப் பின் சில ஆண்டுகளில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். உலகம் கொடுக்கும் மேடை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மேடைகளுக்கு அவருக்குக் குறைவில்லை. 1994இல் நடந்த வுட்ஸ்டாக் விழாவில் பாடினார். 2012 அக்டோபரில் கத்தேரி தெக்காக்வித்தா என்ற பதினேழாம் நூற்றாண்டு மோஹாக் பெண்ணைப் புனிதராக அறிவித்தபோது, வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தில் பாடினார்.

ஆனால் அவர் செய்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது பாட்டு சாராத ஒன்று. பூர்வகுடிக் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாவதை ஆராய 2013இல் அமெரிக்க அரசு ஒரு குழு அமைத்தது. முன்னாள் செனட்டர் பைரன் டோர்கனோடு ஜோஆனும் அதன் இணைத்தலைவர். வடக்கு டகோட்டா, அரிசோனா, ஃபுளோரிடா, அலாஸ்கா என்று போய், மக்கள் சொன்னதைக் கேட்டார்கள். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு எந்த அளவுக்கு மனக்காயம் இருக்கிறதோ, அதே அளவுக்கு இந்தக் குழந்தைகளுக்கும் இருக்கிறது என்று 2014இல் வந்த அறிக்கை சொன்னது. பாடத் தெரிந்த ஒருவர், உட்கார்ந்து கேட்கவும் செய்தார். ததோதாஹோவின் கதையைப் பாடியவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

மண்ணை எடுத்துவந்த எலி

இனி சிற்பியிடம் வருவோம். டயானும் ஜோஆனும் சேர்ந்து பாடியவர்கள். டயான் தன் இனத்தின் நம்பிக்கைக் காவலர் என்ற பொறுப்பிலும் இருப்பவர். சடங்குகள் உரிய காலத்தில், உரிய முறையில் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கலை படித்துப் பட்டம் பெற்ற அவர், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனநலத்துக்குத் துணை நிற்கும் பணியில் சேர்ந்தார். அந்தப் பதவிக்கு ஒனைடா மொழியிலேயே பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு உதவுகிறவர் என்று பொருள். அந்தப் பல்கலைக்கழகம் நிற்பது ஒனன்டாகா மக்களின் பூர்வீக நிலத்தில். அப்பா வழி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இம்மக்களிடம் சிற்பமும் பாட்டும் ஏன் ஒரே வீட்டில் இருக்கின்றன என்பதற்கு அவர்களுடைய படைப்புக் கதையில் பதில் இருக்கிறது. ஆதியில் கீழே எங்கும் தண்ணீர். மேலுலகத்தில் ஒரு மரம் பெயர்ந்து, அந்தப் பள்ளத்தின் வழியே கருவுற்ற ஒரு பெண் கீழே விழுந்தாள். நீர்ப்பறவைகள் சிறகை விரித்து அவளைத் தாங்கின. ஆமை முதுகைக் கொடுத்தது. அவள் நிற்க மண் வேண்டும். ஒவ்வொரு பிராணியாக முங்கிப் பார்த்துத் தோற்றது. கடைசியில் நீரெலி என்னும் சின்னஞ்சிறு பிராணி ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்தது. அந்தப் பெண் அதை ஆமை முதுகில் வைத்து, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுற்றி வந்தாள். மண் பெருகி நிலமானது. சற்று முன் சொன்ன பெண்கள் ஆட்டத்தின் அடி அதுதான். பின்னால் அவளுடைய பேரன் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தான் என்று கதை போகும்.

ஆக, அவர்களைப் பொறுத்தவரை முதல் வேலையே மண்ணில் நடந்த வேலை. அதைச் செய்தது ஒரு பெண்ணின் கால். இம்மக்களின் சிற்பிகள் மாவுக்கல்லிலும் மற்றக் கல்லிலும் செதுக்குவதைப் பாருங்கள். வானத்துப் பெண், ஆமை, அமைதி மரம், அதன் உச்சியில் காவல் இருக்கும் கழுகு என்று இந்தக் கதைகளே திரும்பத் திரும்ப வரும்.

எது வெளியே, எது உள்ளே

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஹோடினோஷோனி மக்களின் பாடல்கள் இரண்டு வகை. ஒன்று, எல்லோரும் கூடி ஆடிப்பாடும் சமூகப் பாடல்கள். பெண்கள் ஆட்டப் பாடல் இந்த வகை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பதிவும் செய்யலாம். மற்றது, நீண்ட வீட்டுக்குள் சடங்கின்போது பாடுவது. அதைப் பதிவு செய்வதில்லை, மேடையில் பாடுவதில்லை. சிற்பத்திலும் இதே கோடு உண்டு. குணப்படுத்தும் சடங்குக்கென்று மரத்தில் செதுக்கும் முகமூடிகள் இருக்கின்றன. அவை கலைப்பொருள்கள் அல்ல, விற்கவும் கூடாது, அருங்காட்சியகத்தில் வைத்துக் காட்டவும் கூடாது என்று கூட்டமைப்பின் மகாசபை வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

இது கஞ்சத்தனமா? அவர்கள் கொடுத்ததை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பட்டினி கிடந்த படைக்குச் சோளம் கொடுத்தார்கள். பணம்கூட வாங்கவில்லை. பாடல்களைக் கொடுத்தார்கள். கதைகளைக் கொடுத்தார்கள். தங்கள் நோவைக் கேட்க வந்த அரசுக் குழுவில் உட்கார்ந்தார்கள். கொடுப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருந்ததே இல்லை.

அவர்களிடமிருந்து கேட்காமல் போனவற்றையும் எண்ணிப் பாருங்கள். நிலம் போயிற்று. அவர்களுடைய பெயருக்கே காரணமான அந்த நிற்கும் கல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ கொண்டுபோய் யூட்டிகா நகரில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டார்கள். அது 1974இல்தான் ஒனைடாக்களிடம் திரும்பி வந்தது. ஒப்பந்தங்களையும் சட்டத்தையும் நினைவில் வைக்க, கிளிஞ்சல் மணிகளைக் கோத்துச் செய்யும் வாம்பம் பட்டைகள் உண்டு. அவற்றில் 12 பட்டைகள் மாநில அருங்காட்சியகத்தின் பொறுப்பில் கிடந்து, 1989இல்தான் ஒனன்டாகாவுக்குத் திரும்பின. கொடுத்ததற்கும் பறித்ததற்கும் உள்ள வேறுபாடு அவர்களைப்போல் யாருக்குத் தெரியும்?

ஆகவே ஜோஆனின் பாட்டில் நாம் கேட்பது அவர்கள் நமக்குத் தரலாம் என்று முடிவு செய்தது. கேட்க முடியாதது, அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. அந்த முடிவை எடுக்கும் உரிமைதான் அவர்கள் 32 ஏக்கரிலும் விட்டுக்கொடுக்காதது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் எல்லாம் இருந்து, வீட்டுக்குள் ஒன்றும் இல்லாமல் போனால் அது என்ன மரபு? அவர்களுக்கு அது புரிந்திருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. உள்ளே இருப்பதால்தான் வெளியே பாட இன்னும் ஆள் இருக்கிறது.

ஜோஆன் 2021 நவம்பர் 22 அன்று, தமது 64ஆம் வயதில், நோயோடு போராடி மறைந்தார். அவருடைய கணவர் டக் ஜார்ஜ் கனென்டியோ மோஹாக் இனத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர். இருவரும் சேர்ந்து வானத்துப் பெண்ணின் கதைகளைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். மகள் லியாவும் கலைஞர், பாடுகிறார். தாய் வழியில் அது தொடர்கிறது.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, வீட்டுக்குப் போனதும் ஜோஆனின் பாட்டு ஒன்றையாவது கேளுங்கள். ‘மேட்ரியார்க்’ தொகுப்பிலிருந்து தொடங்கினால் நல்லது. வேலை செய்துகொண்டே கேட்காமல், உட்கார்ந்து கேளுங்கள். ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு நிமிடம்தான்.

இரண்டாவது நம் குடியிருப்பு சம்பந்தப்பட்டது. இங்கே பாடத் தெரிந்த பாட்டிகள் பலர் இருக்கிறார்கள். கொலுவுக்குப் போனாலும், வளைகாப்புக்குப் போனாலும், யாராவது பாடத் தொடங்கியதும் நாம் எல்லோரும் கைபேசியைத் தூக்கிவிடுகிறோம். அடுத்த நிமிடம் அது குழுவில் வந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். இருந்தாலும் இனிமேல் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வோமா? “பாட்டி, இதைப் பதிவு செய்யலாமா? எல்லோருக்கும் அனுப்பலாமா?” சிலர் சரி என்பார்கள். சிலர், “இது என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, வேண்டுமானால் பக்கத்தில் வந்து உட்கார், உனக்குச் சொல்லித் தருகிறேன்” என்பார்கள். அப்படிச் சொன்னால் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள்.